பழைய மெர்சிடிஸ் சீட்: தோலா, பிவிசியா? என்ன பூசலாம், என்ன பூசக் கூடாது?

சிப்புட்123 கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே.

வண்டி 1983 மெர்சிடிஸ் 200, டபிள்யூ123 மாடல். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டுப் போர்ச்சில் நிற்கிறது. மேலே சிங்க் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. சீட் முழுக்கப் பழுப்பு நிறம். விற்றவர் "எல்லாம் ஒரிஜினல் லெதர்" என்று சொல்லித்தான் கொடுத்தார். இப்போதைய நிலைமை இது:

ஓட்டுநர் சீட்டில் கதவுப் பக்கத்து மேடு நிறம் தேய்ந்து சொரசொரப்பாக இருக்கிறது. 4, 5 செ.மீ. நீளத்தில் வெடிப்புகள். உட்காரும் இடம் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. சீட்டுக்கு அடியில் கம்பளத்தில் பழுப்புத் தூள் கொட்டிக் கிடக்கிறது. பின் சீட்டில் சாயும் பகுதியின் மேல் விளிம்பு கட்டையாகி மூன்று இடத்தில் பிளந்திருக்கிறது. மழை தொடர்ந்து பெய்தால் பின் சீட்டில் வெள்ளைப் புள்ளியாகப் பூசணம் பூக்கிறது. முன் ஹெட்ரெஸ்ட் இரண்டும் தலை எண்ணெய் ஏறிக் கறுத்துப் பிசுபிசுக்கிறது. இடது சீட்டில் உள்ளங்கை அளவு சமையல் மஞ்சள் கறை.

தேங்காய் எண்ணெய் தடவு என்கிறார் ஒருவர், மாட்டுக் காலிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்கிறார் இன்னொருவர். குஷன் கடையில் எல்லாவற்றையும் உரித்துவிட்டுப் புது "லெதர்" போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். உரிக்க மனம் வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பழையகாடி_பேராக் பதில்:

தம்பி, எண்ணெயை ஓரமாக வையுங்கள். முதலில் அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். டபிள்யூ123 வண்டிகள் பலவற்றில் வந்தது எம்பி-டெக்ஸ். மெர்சிடிஸ் அந்தப் பெயரில் போட்ட பிவிசி அது. தோல் மாதிரியே மடிப்பும் ரேகையும் இருக்கும், நாற்பது வருடம் உழைக்கும். அதனால்தான் அதைத் தோல் என்று நம்பி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இத்தனை பேர்.

வண்டியோடு டேட்டா கார்டு, அதாவது தொழிற்சாலை விவர அட்டை, இருந்தால் உள் அலங்காரக் குறியீட்டைப் பாருங்கள். மூன்று இலக்கம். 1-இல் தொடங்கினால் எம்பி-டெக்ஸ், 2-இல் தொடங்கினால் தோல், 0-இல் தொடங்கினால் துணி. ஆனால் வண்டி கிளம்பும்போது என்ன இருந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். நடுவில் யாராவது உறை மாற்றியிருந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

பார்க்க வேண்டியது மேல்பக்கம் இல்லை, பின்பக்கம். பின் சீட்டின் உட்காரும் மெத்தையைக் கழற்ற ஸ்பானர் தேவையில்லை. முன் விளிம்பின் அடியில் இடமும் வலமுமாக இரண்டு பிடிகள் இருக்கும். அவற்றை விடுவித்து மேலே தூக்கினால் மெத்தை கையோடு வரும். கவிழ்த்துப் போட்டு, உறை மடிந்து முடியும் ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் பின்பக்கம் சூயட் செருப்பு மாதிரி பூ பூவாக நார் இருக்கும், நகத்தால் சுரண்டினால் பிசிறு எழும்பும். பிவிசி என்றால் நெய்த துணியோ பின்னல் துணியோ ஒட்டியிருக்கும், இழை ஒழுங்காகத் தெரியும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. முன் சீட்டையும் தனியாகப் பாருங்கள். ரயிலில் முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, டார்ச் அடித்து, அடியில் சட்டத்தைச் சுற்றி மடிந்திருக்கும் ஓரத்தைப் பார்த்தால் போதும்.

வெடிப்பும் உண்மையைச் சொல்லும். தோல் வெடித்தால் உள்ளே பஞ்சு போல நார் தெரியும், வெடிப்பு கோணல் மாணலாக ஓடும். பிவிசி பிளந்தால் உள்ளே துணி தெரியும், உதடு கெட்டியாக, கத்தியால் கீறியது போல நேராக இருக்கும். மேல் ஏடு சருகு சருகாக உரிந்து விழுந்து அடியில் துணி தெரிந்தால் அது இரண்டுமில்லை, பியு, அதாவது பாலியூரித்தேன். நம் ஊர் வெக்கையும் ஈரமும் சேர்ந்து பாலியூரித்தேனைப் பிணைப்பு விட வைத்துவிடும். மலிவான பியு சில வருடத்தில் இந்தக் கதிக்கு வரும். அதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். குஷன் கடையில் "லெதர்" என்று சொன்னால் எந்த லெதர் என்று கேளுங்கள். துண்டு வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நம்பக் கூடாத சோதனை மூன்று. ஒன்று, தண்ணீர்ச் சொட்டு. கார் தோலுக்கு மேல் நிறப் பூச்சு இருக்கும், அது தண்ணீரை உறிஞ்சாது. பூச்சு தேய்ந்த இடத்தில் சொட்டு இறங்கிக் கறுத்தால் மட்டும் தோல் என்று கொள்ளலாம். இரண்டு, சிறு துளைகள். தோலிலும் துளை போடுவார்கள், எம்பி-டெக்ஸிலும் போடுவார்கள். மூன்று, வாசனை. தோல் வாசனை புட்டியிலேயே விற்கிறது. நெருப்பு வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. தோல் முடி கருகும் வாடை அடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிவிசி எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு, மூச்சுக்கு ஆகாது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாலே விடை கிடைக்கும்போது அது தேவையே இல்லை.

இன்னொன்று. ஒரே சீட்டில் இரண்டும் இருக்கலாம். உடம்பு படும் முகப்பு மட்டும் தோல், பக்கவாட்டும் முதுகுப்புறமும் பிவிசி என்பது அந்தக் காலத்து நல்ல நல்ல வண்டிகளிலேயே வழக்கம். ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோல்பதம் பதில்:

அண்ணன் சொன்ன சோதனையை முடித்துவிட்டு இதைப் படிங்க, தம்பி.

எண்ணெய் விஷயம்தான் எனக்கு முக்கியம். தோல் காய்ந்து போச்சு, எண்ணெய் ஊட்டணும் என்கிற பேச்சு குதிரைச் சேணத்துக்கும் பூட்ஸுக்கும் பொருந்தும். கார் தோலின் முகத்தில் நிறப் பூச்சு மூடியிருக்கு. நீங்க தடவுற எண்ணெயில் பெரும் பங்கு மேலேயே நிற்கும். செம்மண் தூசியை இழுத்துப் பிடிக்கும், பூசணத்துக்குச் சோறாகும். வெடிப்பு வழியா உள்ளே இறங்கினதோ இன்னும் மோசம். தோல் கறுக்கும், அப்புறம் அந்த இடத்தில் வெடிப்பை அடைக்கிற ஃபில்லரும் ஒட்டாது, நிறமும் ஒட்டாது. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். நீட்ஸ்ஃபுட் எண்ணெய் நிறத்தை மாற்றும், தையல் நூலுக்கும் உள்மெத்தைக்கும் பரவும். நம்ம பக்கம் காற்றில் ஈரம் எப்பவும் இருக்கு. இங்கே தோலைக் கெடுக்கிறது வறட்சியை விட அழுக்கும், வியர்வையும், பூசணமும், மூடிய வண்டிக்குள் ஏறும் சூடும்தான்.

சோப்பும் அப்படித்தான். பதனிட்ட தோல் அமிலப் பக்கம் இருக்கும், பி.எச். ஏறக்குறைய 4 முதல் 5. துணி சோப்பு, சலவைத் தூள், சேணச் சோப்பு எல்லாம் காரம். உங்க இடது சீட்டு மஞ்சள் கறையே இதற்குச் சாட்சி சொல்லும். மஞ்சள் மேல் காரம் பட்டால் சிவக்கும், குங்குமம் செய்யறதே அந்த வழியில்தானே. நீங்க வாங்கின கிளீனரில் ஒரு சொட்டை மஞ்சள் தடவின வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்க. சிவந்தால் அதைத் தோல் பக்கமே கொண்டு போகாதீங்க. நிறம் மாறலைன்னாலும் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கிற பி.எச். தாளில் ஒரு தடவை பாருங்க. 5-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் சரி.

சுத்தம் செய்யும் முறை. முதலில் வேக்கம், மென்மையான பிரஷ் முனை போட்டு, தையல் பள்ளத்தை விரலால் விரித்து விரித்து. இதை விட்டுட்டுத் துடைத்தால் தோட்டத்துச் சாலை மணல் உப்புத்தாள் மாதிரி நிறத்தை அரைச்சு எடுத்துடும். அப்புறம் மறைவான இடத்தில், ஹெட்ரெஸ்ட்டுக்கு அடியில், பஞ்சுக் குச்சியில் கிளீனர் தொட்டுத் தேயுங்க. பஞ்சில் சீட்டு நிறம் வந்தால் நிறுத்திடுங்க, அந்தப் பூச்சு பலவீனமா இருக்கு. வரலைன்னா ஸ்பாஞ்சில் நுரை எழுப்பி, நுரையை மட்டும் குதிரைமுடி பிரஷில் எடுத்து, ஒரு அடிக்கு ஒரு அடி இடமா வட்டமாத் தேயுங்க. அழுக்குக் காயும் முன்னே ஈரத் துணியால் எடுத்துடணும். துணிக்குச் சுத்தமான தண்ணி வேணும்னா பேட்டரிக்கு ஊத்தற தண்ணி போதும். வாங்கும்போது லேபிளைப் படிங்க, பக்கத்துத் தட்டிலேயே பேட்டரி ஆசிடும் இருக்கும். ஒரு முன் சீட்டுக்கு 50 மில்லி கிளீனர் தாராளம். இரண்டாம் சுற்றில் துணி வெளுப்பா வந்தால் முடிஞ்சது. கதவு திறந்து வச்சு, ஃபேன் காற்றில், நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் காயட்டும். வெயிலில் வேண்டாம். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கிற வெள்ளைக் கட்டியைத் தொடாதீங்க. அது அழுக்கைத் தூக்கலை, பூச்சைச் சீவுது.

ஹெட்ரெஸ்ட் பிசுபிசுப்புக்குத் தனி வேலை. தலை எண்ணெய் நாள்கணக்கா ஊறி நிறப் பூச்சையே இளக்கிடும். சோள மாவை ஒரு செ.மீ. தடிப்பில் அப்பி, துணி சுத்தி, ஒரு நாள் வையுங்க. வேக்கத்தில் எடுத்துட்டு இன்னும் இரண்டு தடவை செய்யுங்க. அதுக்கப்புறமும் ஒட்டினால் பூச்சு போயிடுச்சு, எண்ணெய் எடுக்கும் டிகிரீசர் போட்டுப் புதுசா நிறம் ஏத்தணும். இனிமேல் மேலே ஒரு பருத்தி உறை போட்டுடுங்க, வாரத்துக்கு ஒரு தடவை துவைக்கலாம்.

மஞ்சள் கறைக்கு வெயிலே மருந்து, வெளிச்சம் பட்டால் மஞ்சளோட நிறம் தானே உடையும். கறை மட்டும் தெரியற மாதிரி சீட்டை வெள்ளைத் துணியால் மூடி, காலை வெயில் கண்ணாடி வழியா ஒரு மணி நேரம் படட்டும். நாலைந்து நாள் செய்யுங்க. உச்சி வெயில் கூடாது, கறைக்கு முன்னே தோல் சுருங்கிடும்.

பூசணம். காய்ஞ்ச பிரஷால் தட்டினால் வித்து வண்டி முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டு, நாலு கதவும் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் சரிபாதி கலந்து, துணியில் நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தி எடுங்க. தேய்க்க வேண்டாம், ஊத்தவும் வேண்டாம். இதுக்கும் முதலில் மறைவிடச் சோதனை உண்டு. ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கம். ஆனா திரும்பத் திரும்ப பின் சீட்டிலேயே பூக்குதுன்னா தண்ணி எங்கேயோ உள்ளே வருது. பின் கண்ணாடி ரப்பர், கதவு உள்பலகைக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் தாள், முன் கண்ணாடிக்குக் கீழே இலை அடைச்ச வடிகால், சன்ரூஃப் இருந்தால் அதோட குழாய்கள், எல்லாத்தையும் பாருங்க. கம்பளத்து மேல் பழைய பேப்பர் போட்டுக் காலால் அழுத்தினால் ஈரம் தெரியும். ஈரம் உறிஞ்சும் டப்பா வைக்கறதுன்னா தரையில், சாயாத இடத்தில் வையுங்க. அதில் சேருற உப்புத் தண்ணி சீட்டில் கொட்டினால் தோலும் போகும், அடியில் இருக்கிற இரும்பும் துருவேறும். வாசனையும் இப்படித்தான். ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைஞ்ச ரப்பர் பால்) மூட்டை ஏத்தின வண்டியில் உள்மெத்தையே நாத்தத்தைக் குடிச்சிருக்கும், மேல் உறையைத் துடைச்சுப் போகாது.

சுத்தம் செய்த பிறகு, தோல் இடங்களுக்கு மட்டும், தண்ணி அடிப்படையிலான கண்டிஷனர் ஒரு சீட்டுக்கு 20, 25 மில்லி. பால் போல இளசா இருக்கணும், மெழுகா இருக்கக் கூடாது. அரை மணி கழிச்சு மிச்சத்தைத் துடைச்சிடுங்க. வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். பிவிசி இடத்தில் அது பிசுக்காத்தான் நிற்கும். அங்கே பாத்திரம் கழுவுற திரவம் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி, நல்ல தண்ணி துடைப்பு, அவ்வளவுதான்.

சிப்புட்123:

அண்ணே, பார்த்துவிட்டேன். பின் சீட்டு முழுக்க வெள்ளைப் பின்னல் துணி, அப்படியென்றால் பிவிசி. முன் சீட் இரண்டிலும் உட்காரும் முகப்பு பூ பூவாக நார், பக்கவாட்டில் துணி. பின் கண்ணாடி ரப்பரின் வலது மூலையில் ஈரம் இருக்கிறது. முன் சீட்டை யாரோ மாற்றியிருக்கிறார்களா? வெடிப்பையும் இறக்கத்தையும் எப்படிச் சரி செய்வது?

ஊசிநூல் பதில்:

மாற்றியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் முன்னால் தோல், பின்னால் பிவிசி என்று போட்டு அனுப்ப மாட்டார்கள். பின் சீட்டுதான் உங்கள் ஒரிஜினல். உறுதி வேண்டுமென்றால் முன்னும் பின்னும் 10 செ.மீ.க்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள், நூல் தடிப்பையும் ஒப்பிடுங்கள், வேறுபடும். மாற்றியவர் நல்ல தோல்தான் போட்டிருக்கிறார், அதை உரிக்க வேண்டாம்.

வெடிப்பைத் தொடும் முன் இறக்கத்தைச் சரி செய்ய வேண்டும், தம்பி. இந்த வரிசையை மாற்றினால் செலவு இரண்டு முறை. அடியில் கொட்டும் பழுப்புத் தூள் உள்மெத்தை. ரப்பர் பாலில் பிணைத்த நார் மெத்தை அது, ரப்பர் முதிர்ந்ததும் நொறுங்கி உதிரும். மெத்தை இறங்கியதும் உறை தொங்கும், நீங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கதவுப் பக்கத்து மேடு மடங்கும். அந்த மடிப்பில்தான் வெடிப்பு. சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து ஸ்பிரிங் கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். உடைந்தது ஒன்றிரண்டு இருக்கும், பெரும்பாலும் கதவுப் பக்கம். கம்பியை மாற்றி, மேலே கெட்டியான சாக்குத் துணி ஒரு அடுக்கு விரித்து, புது நார் மெத்தை போடச் சொல்லுங்கள். வெறும் ஸ்பாஞ்ச் வைத்து அடைக்க விடாதீர்கள். ஸ்பிரிங் அதை ஒரு வருடத்தில் தின்றுவிடும், ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

உறை கழன்றிருக்கும்போதே தோலின் உயிரைப் பாருங்கள். மடிப்பு ஓரத்தில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் நீள வேண்டும். அப்பளம் போலக் கிழிந்தால் அந்தத் துண்டு செத்துவிட்டது, எந்தக் களிம்பும் திருப்பாது. அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதையே அளவாக வைத்துப் புதுத் தோல் தைக்கலாம். நூல் பாலியஸ்டர் அல்லது நைலான், பருத்தி நூல் வேண்டாம், நம் ஈரத்தில் உளுத்துவிடும்.

நுனி நீண்டால் வெடிப்பை நிரப்பலாம். ஆல்கஹால், தண்ணீர் சரிபாதியால் பிசுக்கை எடுங்கள். 400 நம்பர் உப்புத்தாளால் வெடிப்பின் உதடுகளை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தி, 600-ஆல் மிருதுவாக்குங்கள். தோல் ஆழம் வரை கிழிந்திருந்தால் பின்பக்கம் மெல்லிய பருத்தித் துணியை வளையும் தோல் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ போட்டால் அந்த இடம் கண்ணாடியாகி, பக்கத்தில் புதிதாகக் கிழியும். பிறகு தோல் ஃபில்லர். ஒரே தடவையில் அப்பாமல் தாள் கனத்தில் நாலைந்து அடுக்கு, ஒவ்வொன்றும் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் 20 நிமிடம். கடைசியில் மறுபடி 600.

நிறம் கலக்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். அழுக்கு மேல் நிறம் பார்த்துக் கலப்பார்கள், சுத்தம் செய்ததும் மற்ற இடம் வெளுத்து, பூசிய இடம் திட்டாகத் தெரியும். முழுச் சீட்டையும் கழுவிக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், நீங்கள் பூசப்போகும் இடத்துக்குப் பக்கத்து நிறத்தைப் பார்த்துக் கலக்க வேண்டும். இரண்டு முன் சீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் அடிப்படை நிறம் 250 மில்லி போதும். முதல் பூச்சு ஸ்பாஞ்சால் ஒத்தி, மற்றவை ஸ்பிரே கன்னில் 25, 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மெல்லிசாக நாலு தடவை. மேலே மங்கலான டாப் கோட் மூன்று, உற்பத்தியாளர் எழுதியிருக்கும் அளவில் கிராஸ்லிங்கர் (பூச்சைக் கெட்டிப்படுத்தும் திரவம்) கலந்து. அதைக் கலக்காவிட்டால் வியர்வை பட்டு மேட்டில் மறுபடி நிறம் உரியும். மழை நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் அடுக்கு காயாது, அதன் மேல் அடுத்ததைப் போட்டால் கையோடு சுருண்டு வரும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் அடிக்கிற நாளில், நிழலில் செய்யுங்கள்.

பின் சீட்டின் மேல் விளிம்புக்கு இந்தத் தோல் ஃபில்லர் எதுவும் ஆகாது. பின் கண்ணாடி வழியாக வெயில் நேரே விழுவதால் பிவிசியை மென்மையாக வைக்கும் பொருள் வெளியேறி அந்த இடம் கட்டையாகிவிட்டது, அது திரும்பாது. சாயும் பகுதியின் மேல் துண்டை மட்டும் ரேகை ஒத்துப்போகும் பிவிசியில் மாற்றச் சொல்லுங்கள். மற்ற துண்டுகளையும் அதே தையல் துளையிலேயே தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் பழைய பிவிசி தபால் தலை மாதிரி அந்த வரிசையில் கிழியும். கண்ணாடி ரப்பரை மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள்.

போர்ச்சில் நிற்கும்போது பிளாஸ்டிக் கார் உறை வேண்டாம், அடியில் ஆவி பிடிக்கும். காற்றுப் போகும் துணி உறையும், பின் கண்ணாடிக்கு ஒரு மறைப்பும் போதும். டாப் கோட் போட்ட ஒரு நாளைக்கு யாரும் உட்காரக் கூடாது, மூன்று நாளைக்கு ஈரத் துணி படக் கூடாது. முதல் இரண்டு வாரம் புது ஜீன்ஸ் போட்டு ஏறாதீர்கள், நீலம் ஏறினால் இறங்காது.